மின்தேவைக் கணிப்பில் ஒற்றை எண்ணை நம்பாதீர்கள்

2021-22-இல் நாட்டின் உச்ச மின்தேவை (ஒரே நேரத்தில் எழும் அதிகபட்சத் தேவை) 2,83,470 மெகாவாட்டைத் தொடும் என்று 2011-இல் வந்த மத்திய மின்சார ஆணையத்தின் 18-ஆவது மின் ஆய்வறிக்கை கணித்தது. அந்த ஆண்டு வந்தபோது தேவை 2 லட்சத்தைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். இடைப்பட்ட காலத்தில் அனல்மின் நிலையங்கள் வரிசையாக எழும்பிவிட்டன. 2018-இல் நாடாளுமன்ற நிலைக்குழு எடுத்துப் பேசிய, சிக்கலில் மாட்டிய நிலையங்கள் 34; மொத்தம் சுமார் 40,000 மெகாவாட். நிலக்கரித் தட்டுப்பாடு, கடன் என்று வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் மின்சாரத்தை வாங்க ஆளில்லாததும் முக்கியமான காரணம்.

கணிப்பு தவறியதைக் குறையாகச் சொல்லவில்லை. பத்து வருடம் தள்ளி நடப்பதை யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஒரே எண்ணை வைத்து முடிவெடுப்பதுதான் தவறு. இன்று தேவை 1 லட்சம் மெகாவாட் என்று வையுங்கள். ஆண்டு வளர்ச்சி 7% என்றால் பத்து வருடத்தில் 1.97 லட்சம்; 5% என்றால் 1.63 லட்சம். எக்செலில் ஒரு கட்டத்தில் இருக்கும் எண்ணை மாற்றினோம், 660 மெகாவாட் மின்னுற்பத்தி அலகுகள் ஐம்பதுக்கு மேல் தேவையா இல்லையா என்பதே மாறிவிட்டது. கட்டிவிட்டால், ஓடாத நிலையத்துக்கும் ஒப்பந்தப்படி நிலைக்கட்டணம் கொடுத்தாக வேண்டும். அது கடைசியில் நம் மின்கட்டணத்தில்தான் வந்து விழும்.

சரி, அதிகம், நடுத்தரம், குறைவு என்று மூன்று எண் போட்டால் போதுமா? நடுவில் உள்ளதை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பின்னிணைப்பில் தள்ளினால் பழைய கதைதான்.

இதைவிட ஆபத்தானது, ஒவ்வொரு நிச்சயமின்மையையும் தனித்தனியாகப் பார்ப்பது. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் கடுங்குளிர் அடித்தது. ஹீட்டர்களால் தேவை எகிறிய அதே நேரத்தில் எரிவாயுக் கிணறுகள் உறைந்தன. எரிவாயு இல்லாமல் மின்நிலையங்கள் நின்றன. மின்வெட்டு வந்ததும் எரிவாயுவை அனுப்பும் கருவிகளுக்கே மின்சாரம் போனது. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரு நிலையம் பழுதானால் மற்றவை தாங்கும் என்று போடும் கணக்கு, எல்லாவற்றையும் ஒரே குளிர் தாக்கும்போது செல்லாது. நம் ஊரிலும் காற்றாலைகளை ஆண்டுச் சராசரியில் பார்த்தால் இதே பிழைதான் நேரும். மே முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றை, தேவை ஏறும் மார்ச், ஏப்ரலுக்கு எடுத்துவைக்க முடியாது.

அப்புறம் விலை. 2010-இல் சூரிய மின்சார ஏலத்தில் மிகக் குறைந்த விலையே யூனிட்டுக்கு 11 ரூபாயை ஒட்டி இருந்தது. 2017-இல் ராஜஸ்தானின் பட்லாவில் 2.44 ரூபாய். பழைய விலையைக் கொஞ்சம் குறைத்துப் போட்ட எந்தக் கணிப்பு மாதிரியும் (model) இதைக் காட்டியிருக்காது.

அதனால் கணிப்பு மாதிரியிடம் "எவ்வளவு தேவை?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எந்த அனுமானம் எவ்வளவு மாறினால் இந்த நிலையம் வேண்டாம் என்றாகும்?" என்று கேளுங்கள். வளர்ச்சி 7-இலிருந்து 6% ஆனாலே வேண்டாம் என்று விடை வந்தால், கட்டி முடிக்க ஐந்து வருடமாகும் அனல் நிலையத்துக்கு இப்போதே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ஓரிரு வருடத்தில் எழுப்பக்கூடியதை முதலில் எழுப்பிவிட்டு, தேவை எப்படி ஏறுகிறது என்று பார்த்து மீதியை முடிவு செய்யலாம்.