படத்துக்கும் பதவுரை உண்டு: பார்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்தபோது, உரையாசிரியர்களைப் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருநாள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் திரையில் ஒரு பழைய அச்சுப் படத்தைப் போட்டார். தலைப்பு, ஆண்டு எதுவும் சொல்லவில்லை. "பார்த்து எழுதுங்க, பத்து நிமிஷம்" என்றார். நாங்கள் இருபது பேர். படத்தில் வலது பக்கம் சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் வரிசையாக நின்று சுடுகிறார்கள். இடது பக்கம் ஜனங்கள் ரத்தம் வழிய விழுகிறார்கள். நான் "அதிகாரத்தின் வெறியாட்டம்" என்று தொடங்கி ஒரு பக்கம் நிரப்பினேன். தாளை வாங்கிப் பார்த்தவர் சொன்னார்: "கருத்துரை நல்லா இருக்குப்பா. பதவுரை எங்கே?"

பாட்டைப் படிக்கும்போது இந்தத் தவறை நாங்கள் யாரும் செய்ய மாட்டோம். முதலில் சொல் சொல்லாகப் பொருள், அப்புறம் பொழிப்புரை, அதற்குப் பிறகுதான் கருத்து. படம் என்று வந்தால் மட்டும் ஒரே தாவாகக் கருத்துக்குப் போய்விடுகிறோம். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது என்ற நினைப்புதான் காரணம். நம்மைச் சம்மதிக்க வைப்பதற்காகவே செய்யப்படும் படங்கள் எல்லாம் இந்த அவசரத்தை நம்பித்தான் பிழைக்கின்றன. அன்றிலிருந்து நானும் சுற்றியிருப்பவர்களும் படம் பார்க்கும்போது சறுக்குகிற இடங்களைக் கவனித்து வருகிறேன். அவற்றில் சில இங்கே.

சொல் பிரிக்காமல் பொருள் சொல்வது

அன்று திரையில் இருந்தது பால் ரிவியர் 1770-இல் வெளியிட்ட செதுக்கு அச்சுப் படம். அந்த ஆண்டு மார்ச் 5-ஆம் தேதி இரவு, அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அமெரிக்காவின் பாஸ்டன் நகரத் தெருவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் படம் விற்பனைக்கு வந்துவிட்டது.

சரி, பதவுரை எழுதிப் பார்ப்போம். சிப்பாய்கள் கோடு போட்டது போல ஒரே வரிசையில் நிற்கிறார்கள். துப்பாக்கிகள் ஒரே உயரத்தில் நீள்கின்றன. அவர்களுக்குப் பின்னால் ஓர் அதிகாரி வாளை உயர்த்தியிருக்கிறார், ஆணை கொடுப்பதைப் போல. எதிரே நிற்பவர்களின் கையில் ஆயுதம் ஒன்றும் இல்லை. சிப்பாய்களுக்குப் பின்னால் இருக்கும் கட்டடத்தில் ஒரு பெயர்ப்பலகை: கசாப்புக்காரர் மண்டபம் என்று பொருள்படும் ஆங்கில எழுத்துகள். வண்ணம் தீட்டிய பிரதிகளில் வானம் நல்ல நீலம். ஓரத்தில் சின்னதாக ஒரு பிறை.

இனி ஒவ்வொன்றாக உரசிப் பார்க்கலாம். நடந்தது இரவு ஒன்பது மணி வாக்கில். தரையில் பனி கிடந்தது, படத்தில் அது இல்லை. கூட்டத்தில் இருந்தவர்கள் பனிக்கட்டிகளையும் கட்டைகளையும் எறிந்தார்கள் என்று பிறகு நடந்த விசாரணையில் சாட்சிகள் சொன்னார்கள். சுடச் சொல்லி ஆணையிட்டதாக அதிகாரி மேல் வைத்த குற்றச்சாட்டு நிற்கவில்லை, அவர் விடுதலையானார். அந்தக் கட்டடம் சுங்க அலுவலகம். கசாப்புக்காரர் பலகை ரிவியர் மாட்டியது. இதில் இன்னொரு வேடிக்கை, படத்தின் அமைப்பே அவருடையது இல்லை. ஹென்றி பெல்ஹாம் என்ற ஓவியர் வரைந்ததைப் பார்த்து அவருக்கு முந்திக்கொண்டு வெளியிட்டார். பெல்ஹாம் பொருமித் தீர்த்து எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது.

என் ஒரு பக்கக் கருத்துரையில் "திட்டமிட்டு" என்ற சொல் மூன்று இடத்தில் வந்திருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடினால் அந்த நேர்கோட்டில் இருந்தும் உயர்ந்த வாளில் இருந்தும் வந்திருக்கிறது. யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை. நானாகவே கண்டுபிடித்ததாக நினைத்து எழுதினேன். வற்புறுத்தும் படத்தின் சாமர்த்தியம் இதுதான்: முடிவை நம் வாயால் சொல்ல வைத்துவிடும்.

படக்குறிப்பை முதலில் படிப்பது

வின்சென்ட் வான் கோ வரைந்த கோதுமை வயலும் காகங்களும் ஓவியத்தை யாரிடமாவது காட்டுங்கள். மஞ்சள் வயல், கருநீல வானம், நடுவில் சட்டென்று நின்றுபோகும் ஒரு பாதை. "நல்ல காற்று அடிக்கிறது" என்பார்கள். பிறகு, "இறப்பதற்கு முன் அவர் கடைசியாக வரைந்தது" என்று சொல்லிப் பாருங்கள். அதே காகம் சாவு ஆகிவிடும், அதே பாதை வாழ்க்கை ஆகிவிடும். கலை விமர்சகர் ஜான் பெர்ஜர் 1972-இல் தம் புத்தகத்தில் இந்த ஓவியத்தையே வைத்து இந்தச் சோதனையை வாசகர்களுக்குச் செய்து காட்டினார். இதற்குள் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. அது வான் கோவின் கடைசி ஓவியம் என்ற பேச்சே சரியில்லை. 1890 ஜூலையில் வரைந்ததுதான், ஆனால் அதற்குப் பிறகும் அவர் வரைந்திருக்கிறார். மர வேர்களை வரைந்த ஒரு முடியாத ஓவியத்தைத்தான் ஆய்வாளர்கள் இப்போது கடைசி என்று கருதுகிறார்கள். ஆக, கண் கலங்கியவர்கள் எல்லாம் ஒரு படக்குறிப்புக்குத்தான் கலங்கியிருக்கிறார்கள்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த் 1964-இல் ஒரு விளம்பரப் படத்தை எடுத்துக்கொண்டு எழுதிய கட்டுரையில், படத்தோடு வரும் சொற்களை நங்கூரத்துக்கு ஒப்பிட்டார். படத்துக்குள் பல பொருள் மிதந்துகொண்டிருக்கும். சொல் வந்து ஒன்றில் கட்டிப்போட்டுவிடும். அதனால் நான் இப்போதெல்லாம் கீழே இருக்கும் வரியைக் கையால் மறைத்துவிட்டுப் பார்க்கிறேன். பார்க்கிறவர்களுக்குக் கோமாளித்தனமாகத் தெரியும், பரவாயில்லை.

யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று கேட்காமல் விடுவது

இலக்கணம் படித்தவனுக்கு இது கைவந்திருக்க வேண்டும்: தன்மை, முன்னிலை, படர்க்கை. படங்களுக்கும் இடம் உண்டு. ரிவியரின் படம் படர்க்கை. எங்கோ நடப்பதை ஓரமாக நின்று பார்க்க வைக்கிறது. விரல் நீட்டும் சுவரொட்டி முன்னிலை.

1914-இல் ஆல்ஃப்ரெட் லீட் பிரிட்டனுக்காக, அதன் போர் அமைச்சர் கிச்சனர் பிரபு விரல் நீட்டுவதாக வரைந்தார். அதைப் பார்த்து ஜேம்ஸ் மான்ட்கோமரி ஃபிளாக் அமெரிக்காவுக்காக வரைந்த அங்கிள் சாம், அதாவது அமெரிக்க அரசாங்கத்தின் உருவகமான கிழவர், 1917-இல் ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் சுவரொட்டியானார். அந்த முகம் ஃபிளாக்கின் முகமேதான், தாடி வைத்து வயதைக் கூட்டிக்கொண்டார். 1917, 18 இரண்டே ஆண்டுகளில் 40 லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சானது.

அதில் உள்ள "ஐ வாண்ட் யூ" என்ற வாசகத்தைத் தமிழில் பெயர்த்துப் பார்த்தபோதுதான் எனக்குப் படம் புரிந்தது. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். தமிழில் நீயா, நீங்களா என்று முடிவு செய்தாக வேண்டும். "நீங்கள் எனக்குத் தேவை" என்றால் வேலைக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு போல இருக்கிறது. மூக்குக்கு நேரே நீட்டிய விரலைப் பார்த்தால் "உன்னைத்தான்" என்றுதான் வருகிறது. வீட்டில் மூத்தவர் ஒருவர் அதட்டிக் கூப்பிடும் குரல். கேட்பது அரசாங்கம், ஆனால் "எனக்கு வேண்டும்" என்று ஒரு கிழவர் சொல்கிறார். மறுத்தால் ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து மறுக்க வேண்டும். அரசாங்கத்துக்கு இல்லை என்று சொல்வதைவிட அது கஷ்டம்.

புகழ்ச்சியைச் செய்தியாகப் படிப்பது

ஜாக்-லூயி தாவித் வரைந்த நெப்போலியன் ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் ஓவியத்தைப் பற்றி யார் பேசினாலும், "உண்மையில் அவர் கோவேறு கழுதையில்தான் போனார் தெரியுமா?" என்று ஒருவர் குறுக்கே வருவார். நானும் அப்படி வந்தவன்தான். சேதி சரி. 1800 மே மாதம் நெப்போலியன் கோவேறு கழுதை மேல்தான் கடந்தார். ஓவியத்தில் முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரை. அவர் ஓவியருக்கு முன்னால் உட்காரவும் மறுத்துவிட்டார்.

ஆனால் அதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டால் ஓவியத்தைப் படித்ததாகாது. மன்னனைப் புகழும் பாடாண் திணைப் பாட்டைப் படித்துவிட்டு, மன்னன் அவ்வளவு தேர் கொடுத்தானா, ரசீது எங்கே என்று யாராவது கேட்போமா? பாட்டின் வகை தெரிந்து படிக்கிறோம். இங்கேயும் அந்த வகையைத்தான் பார்க்க வேண்டும். கீழே இடது மூலையில் பாறைகளில் மூன்று பெயர்கள் வெட்டியிருக்கின்றன: போனபார்ட், ஹானிபால், சார்லமேன் பேரரசரின் லத்தீன் பெயர். பின் இரண்டு பேரும் அவருக்கு முன்பே படையோடு ஆல்ப்ஸைக் கடந்தவர்கள். "இந்த வரிசையில் இவனையும் வை" என்பதுதான் ஓவியத்தின் வேண்டுகோள். கழுதையைக் கண்டுபிடித்த பெருமையில் நான் இந்தப் பெயர்களை வெகுநாள் பார்க்கவே இல்லை.

புகைப்படம் என்றால் சாட்சி, அல்லது எல்லாமே பித்தலாட்டம்

இரண்டும் சோம்பேறித்தனம். 1945 மே 2 அன்று பெர்லினில் ஜெர்மன் நாடாளுமன்றமான ரைக்ஸ்டாக் கட்டடத்தின் மேல் சோவியத் கொடி பறப்பதை சோவியத் புகைப்படக்காரர் யெவ்கேனி கால்தேய் எடுத்தார். கொடி பிடித்தவரைத் தாங்கி நிற்கும் சிப்பாயின் இரண்டு மணிக்கட்டிலும் கடிகாரம். கொள்ளையடித்ததோ என்று தோன்றும் அல்லவா? ஒன்றைச் சுரண்டி எடுத்தார்கள். பின்னணியில் புகையையும் கூட்டினார்கள். இதைக் கேட்டதும் "அப்படியென்றால் பெர்லின் விழுந்ததும் பொய்யா?" என்று போகிறவர்கள் உண்டு. பெர்லின் விழுந்தது உண்மை. சுரண்டிய கடிகாரம் வேறோர் உண்மையைச் சொல்கிறது: எடுத்தவர்கள் எதைக் கண்டு கூச்சப்பட்டார்கள் என்பதை.

நல்ல கலை வற்புறுத்தாது என்று நம்புவது

விளம்பரமும் பிரசாரமும்தான் ஆளைத் தள்ளும், உயர்ந்த கலை ஒதுங்கி நிற்கும் என்ற எண்ணம் எனக்கும் ரொம்ப நாள் இருந்தது. அதை உடைத்தது பிரான்சிஸ்கோ கோயாவின் 1808 மே 3 என்ற ஓவியம். மாட்ரிட் மக்களைப் பிரெஞ்சுப் படை சுட்டுக் கொன்றதை ஆறு ஆண்டு கழித்து 1814-இல் வரைந்தார். அதையும் ரிவியரின் அச்சுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமைப்பு ஏறக்குறைய ஒன்றே: வலது பக்கம் துப்பாக்கி வரிசை, இடது பக்கம் சாகிறவர்கள். இருவருமே நம்மை ஒரு பக்கம் நிற்கச் சொல்கிறார்கள், அதில் ஒளிவு மறைவு இல்லை.

வித்தியாசம் முகத்தில் இருக்கிறது. ரிவியர் சிப்பாய்களின் முகத்தைக் காட்டுகிறார், வெறுப்பதற்கு ஆள் கிடைக்கிறது. கோயாவின் சிப்பாய்களுக்கு முதுகு மட்டும்தான். முகம் எல்லாம் எதிர்ப் பக்கம். வெள்ளைச் சட்டைக்காரர் இரண்டு கையையும் விரித்து நிற்கிறார், தரையில் வைத்த விளக்கு வெளிச்சம் முழுவதும் அவர் மேல். பக்கத்தில் ஒருவர் முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கிறார். தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளில், ரிவியர் வெகுளியோடு, கோபத்தோடு, நின்றுவிடுகிறார் என்று எனக்குத் தோன்றும். கோயாவிடம் அச்சமும் அழுகையும் இளிவரல் என்ற இழிவுணர்வும் ஒரே கூட்டத்துக்குள் ஆளுக்கு ஒன்றாக நிற்கின்றன. தள்ளுவது இரண்டும்தான். எவ்வளவு இடம் விட்டுத் தள்ளுகிறது என்பதில்தான் எனக்கு ரசனை.

ஒரே கேள்வியோடு போவது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆல்ஃப்ரெட் யார்பஸ் என்ற ரஷ்ய ஆய்வாளர், நாடு கடத்தப்பட்டவர் திடீரென்று வீட்டுக்குள் நுழையும் காட்சியை இலியா ரேப்பின் வரைந்த ஓவியத்தைக் காட்டி, பார்க்கிறவரின் கண் எங்கெங்கே போகிறது என்று பதிவு செய்தார். படத்தில் இருப்பவர்களின் வயது என்ன என்று கேட்டபோது கண் முகங்களில் தங்கியது. இவர்கள் எவ்வளவு வசதியானவர்கள் என்று கேட்டபோது அறைக்குள் இருந்த பொருள்கள் மேல் அலைந்தது. படம் ஒன்று, ஆளும் ஒருவர், போன பாதை மட்டும் வேறு. எனவே "இது எந்தக் கட்சி?" என்ற ஒற்றைக் கேள்வியோடு போகிறவருக்கு அதற்கான விடை மட்டும் கிடைக்கும்.

பார்த்தாலே போதும் என்று நினைப்பது

பதவுரை பதவுரை என்று சொல்லிவிட்டேன், அதிலும் ஓர் ஆபத்து உண்டு. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பட்டியலிட்டால் கதை தவறிவிடும். பரிபாடல் 19-இல் பரங்குன்றத்து ஓவிய மண்டபம் வருகிறது. அதற்குப் புலவர் வைத்த பெயர் "எழுத்துநிலை மண்டபம்". ஓவியமும் எழுத்துதான் அவருக்கு. வந்தவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்து போய்விடவில்லை. ரதி யார், காமன் யார் என்று கேட்கிறார்கள், தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். "இந்திரன் பூசை, இவள் அகலிகை" என்று ஒருவர் காட்டுகிறார். பூசை என்றால் பூனை. கதை தெரியாதவருக்கு அந்தச் சுவரில் வெறும் பூனை இருக்கும். தெரிந்தவருக்கு அங்கே தப்பித்து ஓடும் இந்திரன் இருக்கிறான்.

இந்தப் பாட்டைத்தான் ஆசிரியர் அன்று அடுத்ததாக நடத்தினார். பூனைக்குப் பொருள் சொல்லி முடித்துவிட்டு மறுபடியும் திரையைப் போட்டார். சிப்பாய்களுக்கும் கூட்டத்துக்கும் முன்னால், படத்தின் அடிப்பகுதியில், அத்தனை புகைக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு நாய் சும்மா நின்றுகொண்டிருக்கிறது. "இதை யாராவது எழுதினீங்களா?" என்று கேட்டார். அவரவர் தாளைப் புரட்டினோம். இருபது தாளிலும் நாய் இல்லை.