குறி தானாக ஊர்கிறதா? கன்ட்ரோலரை மாற்றும் முன்…

கை அசைவால் திரையில் குறியை நகர்த்தும் மோஷன் கன்ட்ரோலரைப் புதிதாகப் பிடிக்கும் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடும்போதெல்லாம், நான் அன்று செய்த அதே தவறுகளைப் பார்க்கிறேன். கைப்பட்டையை மாட்டு, சோபாவை நகர்த்து என்பதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கும். அதை விட்டுவிடுகிறேன்.

ஸ்டிக் ட்ரிஃப்ட் வேறு, ஜைரோ ட்ரிஃப்ட் வேறு

குறி தானாக ஊர்வதுதான் ட்ரிஃப்ட். கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக்காலும் வரலாம், திரும்புவதை உணரும் ஜைரோ சென்சாராலும் வரலாம். மோஷனை அணைத்துப் பாருங்கள். அப்போதும் ஊர்ந்தால் ஸ்டிக்தான்.

மடியில் வைத்து காலிபிரேட் செய்வது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஜைரோவுக்குத் தெரிந்தது ஒன்றே: நொடிக்கு எத்தனை டிகிரி திரும்புகிறோம் என்பது. அதைக் கூட்டிக்கொண்டே போய்த்தான் திசையைக் கணக்கிடுகிறார்கள். சும்மா கிடக்கும்போதுகூட ஜைரோ சுத்தமான பூஜ்யம் காட்டாது, கொஞ்சம் பிசகும். அந்தப் பிசகை அளந்து கழிப்பதுதான் காலிபிரேஷன். அளக்கும் நேரத்தில் மடி அசைந்தால் அந்த அசைவும் பூஜ்யக் கணக்கில் சேர்ந்துவிடும். நொடிக்கு அரை டிகிரி தப்பினாலே ஒரு நிமிடத்தில் குறி 30 டிகிரி விலகிப் போகும்.

நிண்டெண்டோ ஸ்விட்சில் ஸ்பிளாட்டூன் 2 ஆடிய நாட்களில் என் குறி இடப்பக்கமாக ஊர்ந்துகொண்டே இருந்தது. மூன்று முறை மடியில் வைத்து காலிபிரேட் செய்தேன். மூன்று முறையும் வெவ்வேறு வேகத்தில் ஊர்ந்தது. உள்ளே பழுதென்றால் ஒரே மாதிரி அல்லவா ஊர வேண்டும்? அது அன்று உறைக்கவில்லை. ஸ்விட்சின் கன்ட்ரோலரான ஜாய்கானில் புது ஜோடி வாங்கினேன். அதையும் மடியிலேயே வைத்தேன், அதுவும் ஊர்ந்தது. கடைசியில் சமையலறைக் கடப்பா மேடையில் இரண்டு ஜோடியையும் ஒவ்வொன்றாகக் கிடத்தி, கையை முழுதாக எடுத்துவிட்டுச் செய்தேன். பழையதும் நின்றது, புதியதும் நின்றது. புது ஜோடிக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

மேல் கீழாக ஊராமல் பக்கவாட்டில் மட்டும் ஏன் ஊர்ந்தது? கன்ட்ரோலரில் முடுக்கத்தை அளக்கும் ஆக்சிலரோமீட்டரும் உண்டு. அது புவியீர்ப்பை உணர்வதால் 'கீழே' எது என்று அதற்குத் தெரியும்; சாய்வை அவ்வப்போது திருத்திக்கொள்ளும். இடம் வலத்துக்கு அப்படிப் பிடிமானம் எதுவும் இல்லை. அதனால்தான் அந்த விளையாட்டில் ஒய் பட்டனை அழுத்திக் குறியை நடுவுக்குக் கொண்டுவர வைத்திருக்கிறார்கள்.

'சென்சார் பார்' என்ற பெயரை நம்புவது

2006இல் வந்த நிண்டெண்டோ வீ கன்சோலோடு டிவி பக்கத்தில் வைக்கும் அந்தப் பட்டை எதையும் உணர்வதில்லை. இரு முனையிலும் அகச்சிவப்பு விளக்குகள், அவ்வளவுதான். கேமரா ரிமோட்டின் மூக்கில் இருக்கிறது. டிவிக்கு மேலே இரண்டு மெழுகுவத்தி ஏற்றினாலும் அது வேலை செய்யும். டிவிக்குப் பின்னால் ஜன்னல் வெயில் அடித்தால் குறி துள்ளுவதும் அதனால்தான். ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டு ஆடுங்கள்.

ஆக்சிலரோமீட்டரை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைப்பது

சொந்தமாகக் கன்ட்ரோலர் செய்பவர்கள் விழும் குழி. புவியீர்ப்பில் நூறில் ஒரு பங்கு பிசகினாலே 10 நொடியில் கிட்டத்தட்ட 5 மீட்டர் தப்பும். அதனால்தான் 2010இல் வந்த பிளேஸ்டேஷன் மூவ் கன்ட்ரோலர் உச்சியில் ஒளிரும் உருண்டையை வைத்து, கேமராவில் அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதிலிருந்து தூரத்தைக் கணித்தது.

ஏசி அறையில் கிடந்ததை எடுத்தவுடனே காலிபிரேட் செய்வது

சூடு மாறினால் ஜைரோவின் பூஜ்யமும் மாறும். பத்து நிமிடம் ஆடிவிட்டு, பிறகு மேடையில் கிடத்துங்கள்.