பித்தவெடிப்புக்குத் தேன்மெழுகுக் களிம்பு: சித்திரைக்கு ஓர் அளவு, மார்கழிக்கு ஓர் அளவு

நடவு நேரத்தில் நாள் முழுக்கச் சேற்றில் ஊறிய கால், கரையேறிக் காய்ந்ததும் குதிகாலில் பாளம் பாளமாக வெடிக்கும். தேன்மெழுகு தோலுக்குள் இறங்கி எதையும் ஆற்றுவதில்லை. மேலே மெல்லிய படலமாக நின்று, தோலின் ஈரம் ஆவியாகிப் போகாமல் பிடித்துவைக்கிறது. அதனால் கால் கழுவித் துடைத்தவுடன், ஈரப்பசை இருக்கும்போதே தடவ வேண்டும். ரத்தம் கசிகிற வெடிப்பிலும் சேற்றுப்புண்ணிலும் தடவக் கூடாது. அழுக்கும் கிருமியும் உள்ளேயே மூடிக்கொள்ளும்.

களிம்புக் குறிப்புகளில் எல்லாப் பருவத்துக்கும் ஒரே அளவு என்று எழுதிவைத்திருப்பதை அப்படியே செய்தால் காவிரி டெல்டாவில் சரிவராது. தேங்காயெண்ணெய் சுமார் 25 டிகிரியில் உருகிவிடும். தேன்மெழுகு உருக 62 முதல் 64 டிகிரி வேண்டும். சித்திரை வெயிலில் டப்பாவில் கெட்டித்தன்மை தருவது மெழுகு மட்டும்தான். மார்கழி விடியலில் எண்ணெயும் சேர்ந்து உறைவதால், அதே களிம்பு விரலுக்கு வராது. ஆகவே சித்திரை, வைகாசிக்கு 25 கிராம் மெழுகும் 75 கிராம் எண்ணெயும். மார்கழி, தைக்கு 16 கிராம் மெழுகும் 84 கிராம் எண்ணெயும். எண்ணெயில் பாதி நல்லெண்ணெயாக இருக்கட்டும், அது இந்தக் குளிருக்கு உறையாது. கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள்.

மெழுகைக் கேரட் துருவியில் துருவி, எண்ணெயோடு சேர்த்தே ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் போடுங்கள். அதைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, சிறு தீயில் உருக்க வேண்டும். நேரடித் தீ ஆகவே ஆகாது. சூடு ஏறினால் மெழுகின் நிறமும் மணமும் கெடும், இன்னும் ஏறினால் தீப்பிடிக்கும். பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பை அணைத்து மூடி போட்டு அடக்குங்கள். கும்பகோணத்துப் பித்தளை, செம்புப் பாத்திரங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் இதற்கு வேண்டாம். செம்பு மெழுகைப் பச்சையாக்கும், எண்ணெயையும் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்க வைக்கும். இரும்புச் சட்டி மெழுகைப் பழுப்பாக்கும்.

உருகிய மெழுகில் குளிர்ந்த எண்ணெயை ஊற்றினால் வெள்ளைக் குருணையாகத் திரளும். பயப்பட வேண்டாம், மறுபடி சூடேற்றினால் கரைந்துவிடும்.

டப்பாவில் ஊற்றுமுன் ஒரு சோதனை. எவர்சில்வர் கரண்டியில் இரண்டு சொட்டு விட்டு ஆறவிடுங்கள். விரலால் அழுத்தினால் முதலில் எதிர்த்து, பிறகு வழுக்கிக்கொண்டு வர வேண்டும். நகம் பட்டுத் தூளாக உதிர்ந்தால் எண்ணெய் 5 கிராம் கூட்டுங்கள். எதிர்ப்பே இல்லாமல் குழைந்தால் மெழுகு 2 கிராம். டப்பா ஈரமில்லாமல் இருக்கட்டும். ஃபிரிட்ஜில் வைத்து அவசரப்படுத்தினால் மேலே விரிசல் விடும், வெளியே எடுத்ததும் நீர் கோத்துக்கொள்ளும்.

குப்பைமேனி, வேப்பிலை, மஞ்சள் எதைச் சேர்ப்பதானாலும் நிழலில் சருகாகக் காய்ந்த பிறகே எண்ணெயில் ஊறவைத்து, துணியில் வடிகட்டிச் சேருங்கள். பச்சை இலையின் நீர் உள்ளே தங்கினால் பூஞ்சை வரும். வைட்டமின் ஈ சேர்த்தால் எண்ணெய் சிக்கு வாடை அடிப்பது தள்ளிப்போகும், பூஞ்சையை அது தடுக்காது. ஈரக்கை படாமல் வைத்தால் ஆறு மாதம் தாங்கும். முதல்முறை தடவுபவர்கள் முன்கையின் உட்புறத்தில் சிறிது பூசி ஒரு நாள் பாருங்கள்.

தேனடையிலிருந்தே மெழுகு எடுப்பவர்கள் அடையைத் துணிப்பையில் கட்டித் தண்ணீரில் சூடேற்ற வேண்டும். மேலே மிதக்கும் மெழுகு இரவில் வட்டமாக உறையும். அடியில் ஒட்டிய கசடைச் சுரண்டிவிடலாம். வேதாரண்யம் பக்கம் உப்பும் கடினமுமான ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் செய்தால் மெழுகு சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல் ஆகிவிடும். பிடித்துவைத்த மழைநீர்தான் நல்லது. புழு வளர்ந்த கறுத்த பழைய அடையில் மெழுகு கொஞ்சமே தேறும்.

பாத்திரத்தைச் சூடு ஆறுமுன் பழைய செய்தித்தாளால் துடைத்துவிடுங்கள். தொட்டியில் கழுவினால் மெழுகு குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும்.