தொடைத் தசை சுருங்கும்போது உருமாறுவதைத் தொட்டறிவது எப்படி?

தசை சுருங்குகிறது என்றால் அது சிறுத்துப்போகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். இறுக்கிய தொடையைத் தொட்டுப் பார்த்தவர்களோ அது பெருத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். இரண்டுமே சரியல்ல என்பதை ஐந்து நிமிடத்தில் நீங்களே கண்டறியலாம். முழங்காலில் வலியோ காயமோ இருந்தால் மட்டும் இப்போது வேண்டாம்.

முதலில், தொடை வெளியே தெரியும்படி உடுத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து, ஒரு காலை நீட்டித் தரையில் அமருங்கள். காலை முழுவதும் தளர்த்திவிட்டு, முழங்காற்சில்லை இரு விரல்களால் பிடித்துப் பக்கவாட்டில் மெதுவாக அசைத்தால் அது எளிதாக நகரும். நகரவில்லையென்றால் கால் இன்னும் தளரவில்லை என்று பொருள். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

அடுத்து, ஓர் உள்ளங்கையை முன்தொடையின் நடுவில் வைத்துக்கொண்டு, முழங்காலின் பின்பக்கத்தைத் தரையோடு அழுத்தி, ஐந்து எண்ணும்வரை இறுக்குங்கள். கைக்கு அடியில் தசை கெட்டிப்பட்டு மேலெழும். அதே நொடியில் சில்லு இடுப்பை நோக்கி ஏறி, அசைக்க முடியாதபடி நின்றுவிடும். முன்தொடையின் நாற்றலைத் தசை தன் நான்கு பகுதிகளையும் ஒரே தசைநாணாக்கி (தசையை எலும்போடு இணைக்கும் உறுதியான நார்ப்பட்டை) அந்தச் சில்லைப் பற்றியிருப்பதால், சில்லு மேலேறுவதே தசை நீளத்தில் குறுகியதற்குச் சான்று. முழங்காலுக்குச் சற்று மேலே, உட்புறத்தில், துளி வடிவில் ஒரு புடைப்பும் எழக்கூடும். தொடையில் கொழுப்பு சற்று மிகுதியாக உள்ளவர்களுக்கு அது கண்ணுக்குத் தெரியாமல் விரலுக்கு மட்டுமே தட்டுப்படும்.

குறுகிய தசை ஏன் புடைக்கிறது? தசையிழைக்குள் ஆக்டின், மயோசின் என்னும் நுண்ணிழைகள் தம் நீளம் மாறாமலே ஒன்றையொன்று கடந்து சறுக்குவதால் இழை குறுகுகிறது. இவ்விளக்கம் 1954இல் வெளியானது. தசையில் பெரும்பங்கு நீர், நீரை அமுக்கிச் சிறிதாக்க முடியாது, ஆகவே நீளத்தில் குறைந்தது தடிமனில் வெளிப்படுகிறது. நரம்பு வழியே ஏதோ பாய்ந்து தசையை ஊதிப் பெருக்குகிறது என்று நம்பப்பட்ட 17ஆம் நூற்றாண்டில், டச்சு இயற்கையியலாளர் யான் சுவாமர்டாம் தவளைத் தசையைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, அதன் நுனியில் ஒரு நீர்த்துளியை நிறுத்திப் பார்த்தார். தசை சுருங்கியபோது துளி மேலேறவில்லை, அதாவது தசையின் கன அளவு கூடவில்லை. அவ்வளவு எளிய கருவியால் பழைய நம்பிக்கை ஆட்டங்கண்டது எனக்கு இன்றும் வியப்பே.

இறுதியாக, நாற்காலியில் அமர்ந்து, பாதத்தை நகர்த்தாமல் குதிகாலைப் பின்னோக்கித் தரையில் இழுப்பதுபோல் அழுத்துங்கள். பின்தொடை திரளும், முழங்காலின் மடிப்பில் இருபுறமும் கயிறுபோல் விறைத்து நிற்பவை தசைநாண்கள். அவற்றை விரலால் வருடிப் பாருங்கள்: விறைப்பு மட்டுமே கூடியிருக்கும், தசையைப் போல் அவை புடைப்பதில்லை.