கலைச் சந்தை மந்தமா? ஆர்ட் ஃபேருக்குக் கிளம்புங்கள்

ஆர்ட் ஃபேர் என்பது பல கேலரிகள் ஓரிடத்தில் கூடிக் கலைப் படைப்புகளை விற்கும் கண்காட்சி. கையில் காசு இல்லாத நேரத்தில் அது எதற்கு என்று தயங்க வேண்டாம். பார்க்க மட்டும் போகிறவருக்கு மந்த காலம்தான் வசதி. வியாபாரம் சூடாக இருக்கும்போது கேலரிக்காரர்கள் நம்மை ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள்.

1. இது அருங்காட்சியகம் இல்லை, கடைத்தெரு. 1967இல் ஜெர்மனியின் கொலோனில் தொடங்கிய வழக்கம். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நடக்கும் பெரிய ஃபேரான ஆர்ட் பாசல் வந்தது 1970இல். கேலரிகள் வாடகை கட்டித்தான் அரங்கு எடுக்கின்றன. போட்ட காசை எடுக்க வேண்டுமே! அதனால் மந்த காலத்தில் வீட்டுச் சுவரில் மாட்டத் தோதான ஓவியங்களும் பழகிய பெயர்களும்தான் கூடுதலாகக் கண்ணில் படும். இன்றைய கலையே இவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

2. முன்னோட்ட நாள் பெரும்பாலும் அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு. அதை விடுங்கள். கடைசி நாள் டிக்கெட் எடுங்கள். பெரிய ஃபேர் நடக்கும் வாரத்தில் பக்கத்திலேயே சின்ன ஃபேர்களும் நடக்கும். பாசலில் 1996 முதல் நடக்கும் லிஸ்டே (Liste) என்ற ஃபேர் இளம் கேலரிகளுக்கானது. எனக்கு இந்தச் சின்னவைதான் பிடிக்கும்.

3. முதல் சுற்று எங்கும் நிற்காமல் நடங்கள். இரண்டாம் சுற்றில் ஐந்தே அரங்குகள் போதும்.

4. சரி, விலை? சுவரில் பெரும்பாலும் இருக்காது. "விலைப் பட்டியல் இருக்கிறதா?" என்று கூசாமல் கேளுங்கள். சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் விற்றுவிட்டது என்று பொருள். ஆனால் பொட்டுகளை எண்ணிச் சந்தையைக் கணிக்க முடியாது. 2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலாகி, உலக நிதி நெருக்கடி முற்றியது. அன்றும் மறுநாளும் லண்டனில் சோத்பிஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்டின் படைப்புகள் 11 கோடி பவுண்டுக்கு மேல் போயின. அந்த ஏலத்தை மட்டும் பார்த்தவருக்கு நெருக்கடி என்று ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது.

5. வாங்கும் ஆசை வந்தால் அச்சுப் பிரதிகளில், அதாவது கலைஞர் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் அச்சிடும் படைப்புகளில் தொடங்குங்கள். கீழ் ஓரத்தில் பென்சிலில் 7/25 என்று எழுதியிருந்தால், 25 பிரதிகளில் இது ஏழாவது. பக்கத்தில் கலைஞரின் கையெழுத்து இருக்கிறதா பாருங்கள். படத்தின் சட்டத்துக்கு (ஃபிரேம்) தனிக் காசா, அனுப்பும் செலவு யாருடையது என்றும் கேளுங்கள். தள்ளுபடி கேட்பதும் தப்பில்லை. அப்புறம், அந்தப் பணத்தில் கலைஞருக்கும் பங்கு உண்டு. பல கேலரிகளில் பாதிக்குப் பாதி. அதை நினைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

6. பிடித்த படைப்பைப் படம் எடுத்ததும் அதன் பெயர்ச்சீட்டையும் எடுத்துவிடுங்கள். என் போனில் யார் வரைந்தது என்றே தெரியாத நீல ஓவியங்கள் நாற்பது கிடக்கின்றன.