பழைய ஆர்எக்ஸ் 100-உடன் குடித்தனம்

என்னுடைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் 1994 மாடல். பாலக்கோட்டுத் தக்காளி வியாபாரி ஒருவரிடம் வாங்கினேன். 98 சிசிதான், ஆக்சிலேட்டரைத் திருகினால் அப்படித் தெரியாது.

வாங்கும் முன் கியர் ஆயிலைப் பாருங்கள். அளவு குறைந்து, எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை அடங்காவிட்டால் கியர் ஆயில் எஞ்சினுக்குள் கசிந்து எரியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான கிராங்க் ஆயில் சீலைச் சந்தேகியுங்கள். "டூ ஸ்ட்ரோக் என்றால் புகை வரத்தானே செய்யும்?" என்பார் விற்பவர். என்னிடமும் சொன்னார், நானும் தலையாட்டினேன்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு சேர்ந்து எரியும் டூ டி ஆயிலுக்குத் தனித் தொட்டி உண்டு. பம்பு அதை எஞ்சினுக்கு அனுப்பும். தொட்டி ஒருமுறை வற்றினால் குழாயில் காற்று புகுந்துவிடும். பிறகு ஆயில் ஊற்றினாலும் போய்ச் சேராது. பம்பிலுள்ள திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றுங்கள். அந்த ஒரு டேங்க் பெட்ரோலுக்கு மட்டும் லிட்டருக்கு 20 மில்லி டூ டி ஆயில் கலந்துவிடுங்கள். இது எனக்குத் தெரியாமல் போனதால்தான் என் பழைய பிஸ்டன் செத்தது.

தொப்பூர் கணவாயில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடியபடி கியரிலேயே இறங்காதீர்கள். சக்கரம் எஞ்சினை வேகமாகச் சுழற்றும். ஆயிலோ சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அவ்வப்போது லேசாகத் திருகிவிடுங்கள். முன், பின் இரண்டும் டிரம் பிரேக், லாரிக்குப் பின்னால் ஒட்டாதீர்கள்.

ஆர்சி (பதிவுச் சான்று) 15 ஆண்டுக்குத்தான். பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

சைலென்சரின் உள்குழாயைக் கழற்றிக் கரியைச் சுரண்டுங்கள். சத்தத்துக்காக அந்தக் குழாயைத் தூக்கி எறியும் பிள்ளைகள் என் வீட்டுத் தெருவிலேயே இருக்கிறார்கள். மறக்காமல் திரும்ப மாட்டுங்கள்.