மேலிருந்து இறங்குபவரே வழிவிட வேண்டும்: பனிச்சறுக்குக்குப் புறப்படும் சேலத்தவர்களுக்கு

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அந்தச் சாலையில் வண்டி ஓட்டப் பழகும் எவருக்கும் முதலில் சொல்லித் தரப்படுவது, ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பதுதான். குறுகலான மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்று மோட்டார் வாகன ஒழுங்குமுறைகளும் சொல்கின்றன. இந்த ஒரு பழக்கம் உங்கள் உடம்பில் ஊறியிருந்தால், கூட்டம் நிறைந்த பனிச்சறுக்குச் சரிவில் உங்களையும் மற்றவர்களையும் காப்பதற்கான பாடத்தில் பாதியைக் கற்றவராகவே நீங்கள் காஷ்மீரின் குல்மார்க்குக்கோ உத்தராகண்டின் ஔலிக்கோ போய்ச் சேருவீர்கள்.

நான் கோரிமேட்டில் வசிப்பவன். நான்கு குளிர்காலங்களில் உறவினர்களையும் நண்பர்களையும் அழைத்துக்கொண்டு குல்மார்க்குக்குச் சென்றிருக்கிறேன். பனியையே பார்த்திராத ஊரிலிருந்து போகும் நாம், வாடகைக்குப் பனிச்சறுக்குப் பலகைகளை வாங்கிக் காலில் மாட்டிய பத்தாவது நிமிடமே சரிவின் நடுவில் நிற்கிறோம். விழுந்தால் பஞ்சு போன்ற பனிதானே என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. பலர் சறுக்கி அழுத்திய பனி காலை வேளையில் சிமெண்டுத் தரையைப் போல இறுகிக் கிடக்கும் என்பதையும், அங்கே உள்ள பெரிய ஆபத்து பனியை விட அதன் மேல் கட்டுப்பாடின்றி வரும் மனிதர்கள்தான் என்பதையும் முன்கூட்டியே அறிந்துகொண்டு போவது நல்லது.

பனிச்சறுக்குச் சரிவில் எவரும் சிவப்பு விளக்கோ கோடோ போட்டு வைப்பதில்லை. அதனால் சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 1967-இல் பத்து நடத்தை விதிகளை வகுத்தது. பல நாடுகளின் நீதிமன்றங்கள் விபத்து வழக்குகளில் இவற்றை அளவுகோலாகக் கொள்கின்றன. அவற்றின் உயிர்நாடி, முன்னால், அதாவது கீழே, செல்பவருக்கே முன்னுரிமை என்பதாகும். சறுக்கிச் செல்பவரின் கண்கள் கீழ்நோக்கி இருக்கும். அவருக்குப் பின்னால் மேலே வருபவரை அவரால் பார்க்க முடியாது. மேலே இருப்பவருக்கோ முழுச் சரிவும் தெரிகிறது, பாதையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் அவரிடமே இருக்கிறது. ஆகவே பொறுப்பும் அவருடையதாகிறது. 2016-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நடிகை குவினெத் பேல்ட்ரோவும் இன்னொருவரும் சறுக்கும்போது மோதிக்கொண்ட வழக்கு 2023-இல் நடுவர் குழுவின் முன் வந்தபோது, மோதிய கணத்தில் இருவரில் யார் கீழே இருந்தார் என்ற கேள்வியையே விசாரணை சுற்றிச் சுற்றி வந்தது. கீழே இருப்பவர் திடீரென்று திரும்பினாலும், தடுமாறினாலும், விழுந்தாலும், அவர் மேல் மோதாமல் விலகிச் செல்வதற்குரிய இடைவெளியை மேலே வருபவர் எப்போதும் விட்டிருக்க வேண்டும். “அவர் குறுக்கே வந்துவிட்டார்” என்பது அங்கே பெரும்பாலும் எடுபடாத வாதம்.

இடைவெளி விடுவதற்கு வேகம் உங்கள் கையில் இருக்க வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஒரு விநாடியில் எட்டு மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறார். எதிரில் ஆள் இருப்பதை உணர்ந்து உடம்பு செயல்படத் தொடங்குவதற்குள்ளேயே அந்தத் தூரம் போய்விடும். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா? பலகைக்கு அந்தக் கியரும் இல்லை, பிரேக்கும் இல்லை. உங்கள் கால்கள்தான் இரண்டும். எனவே முதல் நாள் முழுவதையும், பலகைகளின் முன்முனைகளை நெருக்கிப் பின்முனைகளை அகற்றி ஆப்பு வடிவில் வைத்து வேகத்தைக் குறைப்பதற்கும், நினைத்த இடத்தில் நிற்பதற்கும், இரண்டு பக்கமும் திரும்புவதற்கும் ஒதுக்குங்கள். சரிவில் நேர்கோட்டில் இறங்காமல் குறுக்காகச் சென்று திரும்பி இறங்கப் பழகுங்கள். வேகம் கைமீறிவிட்டது என்று தோன்றினால், கூட்டத்துக்குள் போய்ச் சேருவதற்கு முன்பே, மேட்டுப் பக்கமாக இடுப்பைச் சாய்த்து உட்கார்ந்தவாறு விழுந்துவிடுவதே நல்லது. அப்படி விழும்போது கையைப் பின்னால் ஊன்ற வேண்டாம். மணிக்கட்டு முறிவது பெரும்பாலும் அப்படித்தான்.

தொடக்கநிலைச் சரிவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் நம்மவர்கள் தங்கள் நேரம் முழுவதையும் கழிப்பது அங்கேதான். குல்மார்க்கில் அந்தச் சரிவில் சறுக்குபவர்கள் மட்டும் இருப்பதில்லை. கயிறு கட்டிய மரச்சறுக்கு வண்டியில் சுற்றுலாப் பயணிகளை உட்கார வைத்து இழுத்துச் செல்பவர்கள், வாடகைக் கோட்டும் ரப்பர் பூட்ஸும் அணிந்து நடந்து ஏறுபவர்கள், படம் எடுப்பதற்காக முதுகைச் சரிவுக்குக் காட்டி நிற்பவர்கள் என்று எல்லோரும் ஒரே இடத்தில் நெருங்கியிருப்பார்கள். கோடை விழா நாளில் ஏற்காட்டு ஏரிக்கரையில் நிற்கும் கூட்டம் முழுவதும் ஒரு சாய்தளத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட ஒரு காலையில், பன்னிரண்டு வயதான என் அக்கா மகன் ஒரு சிறிய மேட்டைத் தாண்டியதும் விழுந்தான். ஒரு பலகை கழன்று பக்கத்தில் கிடந்தது. அவன் விழுந்த இடத்திலேயே எழுந்து, மேட்டுக்கு முதுகைக் காட்டியபடி பூட்ஸைத் திரும்பத் திரும்ப மிதித்துக்கொண்டிருந்தான். “மாமா, கால் மாட்ட மாட்டேங்குது” என்று கத்தினான். நான் ஓரத்திலிருந்து அவனை நோக்கி அடியெடுத்து வைப்பதற்குள், பயிற்றுநர் குறுக்கே பாய்ந்து அவன் ஜாக்கெட்டின் கழுத்துப் பட்டையைப் பிடித்து இரண்டு மீட்டர் தூரம் இழுத்துப் போட்டார். அடுத்த கணம், கைகளை விரித்துக்கொண்டு, நிறுத்தத் தெரியாமல் நிமிர்ந்து வந்த ஒருவர் மேட்டின் மேல் தோன்றி, பையன் நின்றிருந்த இடத்தின் வழியாகவே இறங்கிப் போனார். மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருந்தால் பையனின் தலைகூட அவருக்குத் தெரிந்திருக்காது. பிறகு பையனின் பூட்ஸைத் தூக்கிப் பார்த்தபோது, அடிப்பாகத்தில் ஓர் இட்லி அளவுக்குப் பனி இறுகியிருந்தது.

அதில் பாடங்கள் பல இருந்தன. விழுந்தவுடன், அடி பலமாக இல்லையென்றால், பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு முதலில் ஓரத்துக்குப் போய்விட வேண்டும். மாட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். மாட்டும்போது பலகைகளைச் சரிவுக்குக் குறுக்காக வைத்து, பூட்ஸின் அடியில் ஒட்டிய பனியை ஊன்றுகோலால் தட்டியோ சுரண்டியோ எடுத்துவிட்டு, பள்ளப் பக்கத்துப் பலகையை முதலில் மாட்ட வேண்டும். இல்லையென்றால் மாட்டிய பலகை உங்களை இழுத்துக்கொண்டு போகும். நிற்பதாக இருந்தால், மேலிருந்து வருபவருக்குத் தொலைவிலிருந்தே தெரியும் இடத்தில், ஓரமாக நிற்க வேண்டும். மேட்டுக்குக் கீழேயும், பாதை குறுகும் இடத்திலும் நிற்பது, கொண்டை ஊசி வளைவிலேயே காரை நிறுத்திக் குரங்குக்குத் தீனி போடுவதற்குச் சமம். நடந்து ஏறுபவர்களும் ஓரத்தை விட்டு வரக் கூடாது. நின்ற இடத்திலிருந்து மீண்டும் புறப்படும்போதும், வேறொரு பாதையிலிருந்து வந்து சேரும்போதும், காபித் தோட்டத்துக் கிளைப்பாதையிலிருந்து மலைச்சாலையில் வண்டியை இறக்குபவர் செய்வதைப் போல, மேலேயும் கீழேயும் ஒருமுறை பார்த்துவிட்டே நகர வேண்டும்.

இரண்டு கால்களையும் ஒரே அகலப் பலகையில் பொருத்திச் சறுக்கும் ஸ்னோபோர்டில் செல்பவர்களிடமிருந்து கூடுதலாக விலகியிருங்கள். அவர்கள் பக்கவாட்டில் நின்று செல்வதால் முதுகுப் பக்கம் நடப்பது அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பக்கமாக அவர்களை முந்துவதைத் தவிர்க்க வேண்டும்.

கருவிகளை வாடகைக்கு எடுக்கும்போது காட்டும் அவசரமும் ஆபத்தான நடத்தையே என்று நான் கருதுகிறேன். பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங், விழும்போது கழன்றுவிட வேண்டும். கழலாவிட்டால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். எவ்வளவு விசையில் அது கழல வேண்டும் என்பதை உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸின் நீளம், சறுக்கும் திறன் ஆகியவற்றைக் கேட்டே கடைக்காரர் திருகி அமைக்க வேண்டும். இவற்றைக் கேட்காமல் பலகையை நீட்டும் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். கழன்ற பலகை தனியாகச் சறுக்கிப் போய்க் கீழே இருப்பவரைத் தாக்காமலிருக்க, அதில் உள்ள சிறிய நிறுத்துக் கம்பிகள் வேலை செய்கின்றனவா என்றும் பாருங்கள். ஹெல்மெட்டைக் கேட்டு வாங்கிக் குழந்தைகளுக்கும் மாட்டுங்கள்.

காதில் பாட்டு, கையில் செல்பேசி, வயிற்றில் மது ஆகிய மூன்றும் சரிவுக்கு வரக் கூடாதவை. ரீல்ஸ் எடுப்பதற்காகப் பின்னோக்கி நடக்கும் நண்பரை நீங்கள்தான் தடுக்க வேண்டும். ஓரளவு திரும்பக் கற்றவுடன், கோண்டோலா எனப்படும் கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டத்தில் ஏறி மேலிருந்து சறுக்கலாம் என்று குழுவில் ஒருவராவது சொல்வார். அது ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காட்டைப் போல இரண்டரை மடங்கு. அங்கே தொடக்கநிலையினருக்கான சரிவு கிடையாது. 2023 பிப்ரவரியில் அந்த ஊர்தி ஏறும் அஃபர்வத் மலையில் ஏற்பட்ட பனிச்சரிவில் வெளிநாட்டவர் இருவர் உயிரிழந்தனர். அந்த நண்பரோடு மனக்கசப்பு வந்தாலும் பரவாயில்லை, மறுத்துவிடுங்கள்.

மாலை மூன்று மணிக்கு மேல் கால்கள் தளரும், வெயில் சாயும், மதியம் இளகிய பனி மறுபடியும் இறுகும். “இன்னும் ஒரே ஒரு தடவை” என்று குழந்தைகள் கெஞ்சுவது சரியாக அந்த நேரத்தில்தான்.

மோதல் நேர்ந்துவிட்டால், அடிபட்டவரை இழுத்து எழுப்பாதீர்கள். ஹெல்மெட்டையும் பூட்ஸையும் கழற்றாதீர்கள். அவருக்குச் சில மீட்டர் மேலே இரண்டு பலகைகளைப் பெருக்கல் குறி வடிவில் பனியில் குத்தி நிறுத்துங்கள். அதற்கும் மேலே ஒருவர் நின்று, வருபவர்களைக் கையசைத்து விலக்கட்டும். இன்னொருவர் மீட்புக் குழுவினருக்குச் சொல்லி அனுப்பட்டும். மோதியவர், மோதப்பட்டவர், பார்த்தவர் ஆகிய மூவரும், தவறு யாருடையதாக இருந்தாலும், பெயரையும் முகவரியையும் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்பதும் அந்தப் பத்து விதிகளில் ஒன்று. கடுங்குளிரில் செல்பேசியின் பேட்டரி விரைவில் தீர்ந்துவிடும். அதனால் பெயர், இரத்த வகை, தங்கியிருக்கும் விடுதியின் எண், சேலத்தில் உள்ள ஒருவரின் எண் ஆகியவற்றை ஒரு காகிதத்தில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒவ்வொரு குழந்தையின் ஜாக்கெட் உட்பையிலும் சேலத்தில் ரயிலேறும் முன்பே வைத்துவிடுங்கள்.